பழைய வண்டிக்கு எந்த எண்ணெய்

லீவுக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது அம்மா போனில் சொன்னாள்: "மக்களே, நான் வந்ததும் அந்த வண்டிய வித்திருவோம். சும்ம கெடந்து துருப்பிடிக்குது."

அப்பா இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா கல்ஃபில் நர்ஸ். இரணியல் பக்கம் எங்கள் வீட்டில் நானும், கார்ஷெட்டில் நிற்கும் அப்பாவின் சின்ன காரும்தான். லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சில நாள் மீட்டிங்கில் "நான் பேசுறது கேக்குதா" என்று கேட்டதைத் தவிர வாயே திறந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்ட நாட்களில் வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பேன். எங்கும் போக மாட்டேன். வீட்டில் இன்னொரு சத்தம் கேட்குமே, அதற்காக.

விற்க விடக்கூடாது. அம்மாவை ஒவ்வொரு தடவையும் அப்பா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து அந்த வண்டியில்தான் கூட்டி வருவார். இந்த முறை நான் போவேன். வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்வந்தால் அம்மா மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். முதல் வேலை, எஞ்சின் ஆயில்.

மூன்று நாள் நெட்டில் படித்தேன். 5W-30 என்பதில் முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது. இரண்டாவது, எஞ்சின் சூடான பிறகும் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. W என்றால் விண்டராம். இரணியலில் ஏது விண்டர்? தனியாக இருந்து சிரித்தேன். ஆனாலும் எல்லோரும் புகழ்ந்த ஃபுல் சிந்தெட்டிக் 5W-30-ஐயே வாங்கப் போனேன். இருப்பதிலேயே நல்லதை ஊற்றினால் நல்லதுதானே நடக்கும்?

தக்கலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. கேனை எடுக்காமல் என்னையே பார்த்தான்.

"ஏட்டி, ஒனக்க வண்டிக்கு இது எதுக்கு? புது வண்டிக்கு உள்ள எண்ணெயாக்கும். பழசுக்கு கெட்டியாத்தான் ஊத்தணும்."

"நீ ஒனக்கு லாபம் உள்ளதத்தான் சொல்லுவ."

"லாபம் நீ கேக்கதுலதாம்ட்டி கூடுதல்! படிச்சவளுக்கு நான் சொல்லி முடியுமா? கொண்டு போ."

கொண்டு போனேன். யூடியூப் பார்த்து நானே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்து, பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டரையும் மாற்றினேன். எஞ்சின் அன்று பஞ்சுபோல ஓடியது. கையெல்லாம் கறுப்பு. யாரிடமாவது காட்ட வேண்டும் என்றிருந்தது. போட்டோ எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

ஒரு வாரத்தில் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அடுத்து, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே. அம்மா வர பத்து நாள். மறுபடியும் தக்கலை.

"ரப்பர் சீலெல்லாம் தேஞ்சு போயிருக்கும். பழைய அழுக்குதான் இத்தன நாள் அடைச்சுக்கிட்டு இருந்துது, கேட்டியா? நீ கொண்டு ஊத்தினது அதையும் கழுவி விட்டுட்டுது" என்றான். சிரிக்கவில்லை, அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது. "அப்பா எது ஊத்துவாரு?"

"தெரியாதுலே."

"அவரு என்ட்ட வாங்கினதில்ல. வீட்டுல பழைய கேன் கிடக்கும், பாரு."

தெரியாது என்று சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குக் கிளம்பும் முன், வெள்ளைச் சட்டை கறையாகாமல் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, பானட்டைத் திறந்து கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பார். நான் உள்ளே ஏறி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு ஹாரன் அடிப்பேன். "வாறேன் மக்களே, வாறேன்" என்பார். ஒரு தடவையாவது இறங்கிப்போய் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். மூன்று நாள் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் படித்தவளுக்கு, ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

வீடு முழுக்கத் தேடினேன். கேன் இல்லை. மாலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது கை நின்றது. மதில் ஓரம் நான்கைந்து கற்றாழைத் தொட்டிகள். எல்லாமே எண்ணெய்க் கேன்கள், அப்பா மேல்பாகத்தை அறுத்து மண் நிரப்பியவை. இரண்டு வருடமாகத் தண்ணீர் விடுகிறேன். லேபிள் இருக்கும் பக்கம் மதிலைப் பார்த்து இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். வெயிலும் மழையும் தின்றது போக ஒன்றில் மட்டும் 50 என்று பாதி தெரிந்தது. முதல் எண் அழிந்துவிட்டது. பரவாயில்லை, அது குளிருக்கான எண்.

"இருபது அம்பது" என்றான் அவன், கேனை நான் எடுத்த போட்டோவைப் பார்த்து. "இததாம்ட்டி நானும் சொன்னேன்." அப்போது சிரித்தான். நானும்.

கெட்டி எண்ணெய் ஊற்றியதும் புகை நின்றது. சொட்டு மட்டும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு. கறையை மறைக்க எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு அட்டையைப் போட்டேன்.

ஏர்போர்ட்டுக்குப் போய் வந்தது ஒழுங்காகவே நடந்தது. மார்த்தாண்டத்து நெரிசலில்கூட வண்டி அணையவில்லை. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் டாஷ்போர்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் பெட்டிகளை இறக்கும்போது குனிந்து அட்டையைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"அப்பாவும் இப்படி ஒரு அட்ட போடுவாரு" என்றாள்.

"அப்பவே ஒழுகுமா?"

"எப்ப ஒழுகாம இருந்துது? அதுக்குத்தானே ஞாயிறுக்கு ஞாயிறு பாத்து ஊத்தினாரு."

"பொறவு ஏன் விக்கணும்னு சொன்ன?"

"வண்டிக்காக இல்ல மக்களே. இது போனா நீ பெங்களூருக்குப் போவன்னு நெனச்சேன். நாலு ஆளுவ மொகத்தப் பாத்து இருப்ப."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நாற்பது நாள் லீவு முடிந்தது. வண்டியை விற்கும் பேச்சு பிறகு எழவில்லை. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு அம்மா திரும்பி, கையால் ஏதோ காட்டினாள். முதலில் புரியவில்லை. ஆள்காட்டி விரலை மேலே இழுத்து, மறு கையால் துடைப்பதுபோல் செய்தாள்.

பார்க்கிங்கில் பானட்டைத் திறந்து கம்பியை உருவிப் பார்த்தேன். கால் லிட்டர் பிடிக்கும். டிக்கியில் வைத்திருந்த கேனிலிருந்து ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முன்சீட் காலியான வண்டியை ஊருக்குத் திருப்பினேன்.