சாப்பாட்டு அறையிலிருந்து அடித்த மணி

அந்த வருடத்து மழையில் எங்கள் குவார்ட்டஸின் பின்சுவர் சரிந்து விழுந்தது. என் கணவர் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீ மேக்கராக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பு. சுவரைக் கட்டி முடிக்கும்வரை, உதவி மேனேஜருக்கென்று கட்டிய சின்னத்துரை பங்களாவில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார் தோட்டத்து மேனேஜரான பெரியதுரை. கடைசியாக அங்கே குடியிருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரையும் அவர் மனைவியும் கப்பலேறிய பிறகு அது பூட்டியே கிடந்தது.

நாங்கள் இரண்டே பேர். அத்தனை பெரிய வீட்டில் இரண்டு அறைகளை மட்டும் புழங்கினோம். சாப்பாட்டு அறையில் என் அலுமாரி மட்டும் நின்றது; வேறெந்தக் கதவுக்குள்ளும் அது நுழையவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த கரண்டுதான் வீட்டுக்கும். ஆனால் வயரெல்லாம் பழசு. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். படுக்கையறை பல்பு, கதவை ஓங்கிச் சாத்தினால்தான் எரியும். இவற்றோடு ஒரு மணி.

சமையல் செய்யும் குசினி, வீட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட நடைவழியின் முடிவில் இருந்தது. அதன் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு மரப்பெட்டி. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் தகரக் கொடி. ஏதாவதொரு அறையில் பொத்தானை அழுத்தினால் பெட்டி மேலுள்ள மணி அடிக்கும், அந்த அறைக்குரிய கொடி ஆடும். வேலைக்காரர்களைக் கூப்பிடச் செய்த ஏற்பாடு. அது செத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மழைநாள் மத்தியானம் குசினியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒத்தாசைக்குத் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஒரு அக்கா வருவார். இளவயதில் இதே குசினியில் பீங்கான் கழுவியவர். பிறகு பல வருடம் கொழுந்தெடுத்து, அப்போதுதான் வேலையிலிருந்து நின்றிருந்தார். திடீரென்று மணி அடித்தது. அக்கா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி நடைவழியில் பாதிதூரம் போய்விட்டார். அப்புறம் நின்று திரும்பி வந்தார்.

“பழக்கம்ங்க,” என்றார்.

மூன்றாவது கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது சாப்பாட்டு அறை என்று அவரே சொன்னார். போய்ப் பார்த்தேன். சன்னல்கள் சாத்தியிருந்தன. அலுமாரியைத் தவிர அங்கே எதுவுமில்லை.

அதன்பின் மழை நாட்களிலெல்லாம் அடித்தது. வெயில் காய்ந்தால் மூச்சுவிடாது. வயர் நனைந்திருக்கும், வெட்டிவிடலாம் என்றார் கணவர். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் தெரியாமல் அதை ஊமையாக்க எனக்கு மனமில்லை.

முன்னறையில் கட்டில் பக்கம் ஒரு பொத்தான் இருந்தது. வராந்தாக் கதவருகே ஒன்று இருந்தது. சாப்பாட்டு அறைச் சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அக்காவிடம் கேட்டபோதுதான், அவரும் ஒரு காலத்தில் அதைத் தேடியவர் என்பது தெரிந்தது. அப்போதிருந்த துரையும் துரைசாணியும் ஒரு பீங்கானில் வைத்ததைச் சாப்பிட்டு முடித்ததும் சரியாக மணி அடிக்குமாம். சமையல்காரர் அடுத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவாராம். இவர் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறார்.

“கை ரெண்டும் மேசை மேலதாங்க இருக்கும். மணி மட்டும் அடிக்கும்.”

சமையல்காரரிடம் கேட்டதற்கு, வேலையைப் பார் என்று ஏச்சு விழுந்ததாம்.

அந்த வாரம் சுவிட்சுகளைப் பார்க்கத் தொழிற்சாலையிலிருந்து கரண்டு வேலை செய்யும் பாஸ் வந்தார். சிங்களவர். என் கடைவீதிச் சிங்களமும் அவருடைய துண்டுத் தமிழும் எங்களுக்குப் போதுமானதாயிருந்தன. கூரைக்குள் ஏறி, எலி கடித்திருந்த வயர்களை மாற்றினார். பல்பு ஒழுங்காக எரிந்தது. அவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்து, மணியும் அடித்தது.

அவருக்கும் இப்போது விஷயம் பிடித்துப்போயிற்று. மணி வயரை மட்டும் தொடர்ந்து போனோம். அது பெட்டியிலிருந்து கூரைக்கு ஏறி, சாப்பாட்டு அறை மூலையில் இறங்கித் தரைப் பலகைக்குள் மறைந்துவிட்டது. “கீழ போகுது நோனா,” என்றார் பாஸ். நோனா என்றால் அவர் பாஷையில் அம்மா.

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, தரையை நான் நினைக்கவேயில்லை. அக்காவையும் கூப்பிட்டு, மூன்று பேருமாக அலுமாரியைத் தள்ளினோம். கீழே விரித்திருந்த பழைய லினோலியத்தைக் குசினிக் கத்தியால் நெம்பித் தூக்கினேன். அலுமாரியின் கால் பதிந்திருந்த இடத்தில் வட்டமாய் ஒரு பித்தளைத் தகடு. நடுவில் பாக்களவு ஒரு குமிழ். மழையில் பலகை ஊதி எழும்ப, காற்றில் வீடு அதிரும்போதெல்லாம் அலுமாரியின் கால் அதை அழுத்தியிருக்கிறது. முன்பு அந்த இடத்தில்தான் மேசை கிடந்தது என்றார் அக்கா. துரைசாணியின் நாற்காலியும் அங்கேதானாம்.

அக்கா குனிந்து குமிழை வெகுநேரம் பார்த்தார்.

“காலாலயா,” என்றார்.

கோபமா வியப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என்னைக் குசினிக்குப் போகச் சொன்னார். அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

போய் நின்றேன். மணி அடித்தது, மூன்றாவது கொடி ஆடியது. நான் நடைவழிக்கு வருவதற்குள் மறுபடியும் அடித்தது, இந்த முறை கொஞ்சம் நீளமாக. அறைக்குள் போனால், அக்கா ஒரு கையால் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலைக் குமிழ்மேல் வைத்து நின்றிருந்தார். பாஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சுங்களா?”

“நல்லாக் கேட்டிச்சுக்கா.”

“லேசாத் தொட்டாலே போதும்ங்க. நீங்களும் அமுக்கிப் பாருங்க.”

நானும் அமுக்கினேன். பித்தளை பெருவிரலில் சில்லென்றது. சாயந்தரம் வேலை முடிந்து வந்த கணவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அமுக்கிப் பார்த்தார், என்னைக் குசினிக்கு அனுப்பி.

அலுமாரியை எதிர்ச் சுவரோரம் நகர்த்தியதோடு மணி அடங்கிவிட்டது. வயரை வெட்டும் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் பெட்டியின் கடைசிக் கட்டத்துக்கு எந்த அறை என்று அக்காவுக்கும் தெரியவில்லை. அவர் காலத்தில் அந்தக் கொடி ஆடியதே இல்லையாம். குவார்ட்டஸ் முடிந்து நாங்கள் திரும்பிப் போகும்வரை, குளியலறை, சாமான் அறை என்று ஒவ்வொரு தரையையும் காலால் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.