எந்தத் தண்ணியில நிக்குது என்று கேட்ட ஸ்டெல்லா

அன்று காலை முதல் வேலையாக, பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லி ஸ்டெல்லாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவருடைய கணவர் போனில் கூப்பிட்டார். "மேடம், ஸ்டெல்லா விடிகாலையில போயிட்டா. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…"

பதினோரு ஆண்டுகள் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஆய்வுக்கூடத்துக்கு, நான் ஆய்வாளராகவும் அவர் என் உதவியாளராகவும், ஒரே பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் நான் அவருக்கு அக்கா. ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றியதும் மேடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் பெற்றோர் கூலி வேலை செய்த உப்பளத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். கசப்பு தாங்காமல் துப்பினேன். அவ்வளவும் மெக்னீசியம் என்று சிரித்தார். வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

எங்கள் வேலை அப்டமர் மருந்து: ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும்படி மடியும் சிறிய டி.என்.ஏ. இழை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஓர் இழையைப் பல சுற்றுகள் வடிகட்டித் தேர்ந்தெடுத்திருந்தேன். அதை எலிகளுக்குச் செலுத்துவதற்கு முந்தின நாள் அது. இழையை நான் வைத்திருந்த கரைசலின் குறிப்பை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது எந்தத் தண்ணியில நிக்குது மேடம்? நம்ம கசப்புத் தண்ணி மாதிரி இருக்குது. ரத்தத்துல இவ்ளோ மெக்னீசியம் ஏது?"

"உப்பளத்துப் புத்தியை இங்க கொண்டு வராத" என்றேன்.

ஸ்டெல்லா, ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா திரவத்தில் இழையைக் கலந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்மா உறைந்தது. என் கரைசலில் அழகாக மடிந்த இழை, ரத்தத்தின் உப்பில் தளர்ந்துவிட்டிருந்தது.

மறுநாள் கூட்டத்தில், மறுபடி சோதித்ததில் பிழையைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஸ்டெல்லா பின்வரிசையில் இருந்தார். திரும்பும் பஸ்ஸில், "நாங்கன்னு சொல்லியிருக்கலாம்க்கா" என்றார். பிறகு மத்தி மீன் குழம்பைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகு ரத்தத்தின் உப்பளவிலேயே எல்லாச் சுற்றுகளையும் இருவரும் மறுபடி செய்தோம். இப்போதுள்ள இழை பிளாஸ்மாவில் நிற்கிறது. எந்தப் புது இழையைப் பார்த்தாலும் அவருடைய கேள்விதான் முதலில் வாயில் வருகிறது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது.

இந்த வாரம் அனுப்ப வேண்டிய ஆய்வுக் கட்டுரையில் ஸ்டெல்லாவின் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரியில் இருக்கிறது. அதை எடுத்து ஆசிரியர் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் வைக்கப்போகிறேன். பிழையைக் கண்டவர் யார் என்றும் எழுதுவேன். அது ஸ்டெல்லா என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.