மாத்தி ஆன காடி

போன வாரம் மகன் போன் செய்து, "அம்மா, காடி மாத்திட்டேன்" என்றான். "எங்கடா நிக்கிற? ரோட்டோரமாவா? லோரி வருதா பாரு!" என்று கத்திவிட்டேன்.

"ஐயோ அம்மா, புதுசு வாங்கிருக்கேன் லா!"

அவன்மேல் தப்பில்லை. காடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கார். மலாய் மொழியில் மாத்தி என்றால் செத்துப்போனது. எஞ்சின் நின்றுபோனாலும் எங்கள் பக்கம் அதே சொல்தான். அது காதில் விழுந்தால் எனக்கு என் இளவயதின் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் ஞாபகம் வரும்.

அன்று காடியில் மூன்று பேர். ஓட்டியது பாக்கியம் அக்கா, எங்கள் தோட்டத்துக் குடியிருப்பில் லைசென்ஸ் எடுத்த முதல் பெண். பின்னால் மேகலா, மடியில் தேத்தண்ணி பிளாஸ்க்கோடு. முன்னால் நான். மூவருக்கும் மலாக்காவில் ஒரே தொழிற்சாலை.

அக்காவுடையது உள்நாட்டுக் காடி. அதை வடிவமைத்தவர் ஒரு மழைநாளிலாவது அதில் போயிருப்பாரா, சந்தேகம்தான். பட்டனை அழுத்தினால் கண்ணாடி இறங்கும், ஏறுவது அதன் இஷ்டம். அக்கா அதை இரண்டு கையாலும் தூக்கி, இடுக்கில் பழைய சிலிப்பர் துண்டைச் செருகி நிறுத்துவார். ஓட்டுகிற பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. பின்பெட்டியில் தண்ணீர் தேங்கி, ஊறிய விரிப்பின் வாடை எங்கள் உடுப்போடு வேலைக்கே வரும். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், எஞ்சின் பற்றி என்ன தெரியும்? கவலைப்படத் தெரியும். சாலையை அக்கா பார்த்துக்கொள்வார், சூடு காட்டும் முள்ளை நான் பார்த்துக்கொள்வேன்.

அன்று ஒன்பது மணிக்கு நிரந்தர வேலைக் கடிதத்தில் நான் கையெழுத்திட வேண்டும். இந்தக் காடியால் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை என்றால் கடிதம் வேறு ஆளுக்கு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வழியில் நியாலாஸ் ஊர்க் கடையில் மேகலா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்க நிறுத்தினோம். மறுபடி சாவியைத் திருப்பினால், சத்தமே இல்லை.

கடைப் போனுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் போனை எடுத்தவர் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். லைனில் ஒரே இரைச்சல்.

"அம்மா, காடி மாத்தி!"

"ஆங்? மாத்தியாச்சா?"

"ஆமாம்மா, மாத்தி!"

காசு தீர்ந்து லைன் அறுந்தது. திரும்பி வந்தால் அக்கா பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மேகலா, பிளாஸ்க்க குடு."

"என் தேத்தண்ணிக்கா!"

"உன்னவிட இதுக்குத்தான் பசி."

சூடாக ஊற்றி, கொண்டை ஊசியால் சுரண்டி, ஒயரை இறுக்கினார். நான் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"சாமிய கும்புட்டது போதும்டி, சாவிய திருப்பு!"

திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தில்தான் பிறகு எங்கள் வீடே நடந்தது.

சாயந்திரம் தோட்டத்துக் கோயில் வாசலில் அம்மா, கூட ஏழெட்டுப் பெண்கள், தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம்.

"எங்கடி புதுக் காடி?"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்து இறங்கினார், பழங்களைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது.

"காலைல செத்துச்சு பெரியம்மா, இப்ப உசுரோட நிக்குது. புதுசுதான் லா. வைங்க பழத்த!"

நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். நசுக்கிக்கொண்டு அக்கா ஓட்டிய ஓட்டத்தில் ஒரு ராணியின் மிடுக்கு இருந்தது.

இப்போது அக்கா இல்லை. காடி பழைய இரும்புக்குப் போய்விட்டது, கோயிலைச் சுற்றி வீடுகளும் இல்லை. மகனின் காடிக்கும் பழம் வைத்தோம். கிளேபாங் கடற்கரை வரை என்னை அழைத்துப் போனான். கண்ணாடியை இறக்கினேன், ஏறியது. சூடு காட்டும் முள்ளைத் தேடினேன்.

"இப்பல்லாம் அது வர்றதில்லமா."

எதைப் பார்த்துக் கவலைப்படுவது என்று தெரியாமல், சாலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.