நான் கையெழுத்துப் போடாத கடிதம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவை உண்டு. தம்பியாகிய நான் செய்த ஒரு காரியமும் உண்டு. அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அக்கா பிறந்தது முத்தியால்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. பள்ளியில் பிரெஞ்சு மொழியில் முதலாவதாக வந்தவர், மேலே படிக்கும் ஆசையை அன்றோடு விட்டுவிட்டு மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்தார். அம்மாவும் நானும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். நான் மருத்துவப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் தன் திருமணத்துக்கே சம்மதித்தார்.

மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த இடம் எக்ஸ்ரே அறை. அதற்குப் பொறுப்பாக இருந்த பிரெஞ்சு மருத்துவர் பல ஆண்டுகள் கதிருக்குள் கையை நீட்டி வேலை செய்தவர். விரல்களில் தோல் வெடித்து, நகங்கள் கறுத்து, கடைசியில் இரண்டு விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. "முசே பேனா புடிக்கவே கஷ்டப்படறாரும்மா" என்று அக்கா அந்த மருத்துவரை நினைத்து வீட்டில் வந்து வருத்தப்படுவார். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்து ஊர் கைமாறியபோது அவர் கப்பலேறிப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் பலர் வந்தார்கள். அவர் விரல்களைப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

அந்த அறையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொண்ட நோயாளிக்கு, திரையில் இதயம் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி நீரை வெளியே எடுக்க வேண்டும். கீழே உள்ள மிதியைக் காலால் அழுத்தியிருக்கும்வரை கதிர் வந்துகொண்டே இருக்கும். அது நோயாளியோடு நிற்காது, மருத்துவர் மேலும் பக்கத்தில் நிற்பவர் மேலும் படும். புதிதாக வந்த மருத்துவர்கள் வைத்த காலை எடுப்பதே இல்லை.

அக்கா தலைமை மருத்துவரிடம் அனுமதி கேட்டார். வியாழக்கிழமை பிற்பகலில் அரை மணி நேரம் கிடைத்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மேசைமேல் நோயாளிக்குப் பதிலாக ஒரு தலையணையைப் போட்டு, மருத்துவர்களை ஒவ்வொருவராக நிற்க வைப்பார். முதலில் இருபது நிமிடம் சிவப்புக் கண்ணாடி போட்டுக் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். கண் பழகினால் குறைந்த கதிரிலேயே திரை தெரியும். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் கட்டாமல் உள்ளே வரக்கூடாது. கதிர் விழும் இடத்தில் கை போகக்கூடாது. பிறகு கால் பழக்கம்: "பாருங்க, எடுங்க. பாருங்க, எடுங்க. பாத்தாச்சுன்னா காலை எடுத்துடுங்க டாக்டர். யோசிக்கறதுக்கு எதுக்குக் கதிரு?"

வந்தவர்கள் அதற்குத் 'தலையணை கிளாஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1957-இல் நானும் அங்கே மருத்துவனாகச் சேர்ந்தேன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஒரு செவிலி மருத்துவர்களுக்குப் பாடம் நடத்துகிறாள், அவள் என் அக்கா என்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. வகுப்புக்கு ஒரே ஒருமுறை போனேன்.

அடுத்த ஆண்டு நோணாங்குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் மூச்சுவிட முடியாமல் வந்து சேர்ந்தார். இதயத்தைச் சுற்றி நீர். ஊசி போடும் பொறுப்பு என்னுடையது. பார்க்க இரண்டு மருத்துவர்கள் வந்து கதவுக்கு வெளியே நின்றார்கள். அறையில் இருந்தது ஒரே ஒரு ஏப்ரன். அக்கா அதை எனக்குக் கட்டிவிட்டார். படகுக்காரர் துள்ளாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரன் இல்லாமலே பக்கத்தில் நின்றார்.

ஊசி முனை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மிதியை அழுத்தியபடியே தேடினேன்.

"காலை எடுங்க டாக்டர். நெறைய நேரம் ஆயிடுச்சி" என்றார் அக்கா.

நான் எடுக்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நான், "சிஸ்டர், உங்க வேலை எதுவோ அதைப் பாருங்க" என்றேன்.

அக்கா தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நீர் வந்தது, படகுக்காரர் பிழைத்தார். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள்.

மறுநாள் காலை அக்கா ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். இன்னொரு ஏப்ரன் வாங்க வேண்டும், வகுப்புக்கு வராத மருத்துவரை அந்த அறைக்குள் விடக்கூடாது. இவ்வளவுதான் அதில் இருந்தது.

"நேத்து நடந்ததுக்காக வரல தம்பி. நான் குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க. டாக்டர் கையெழுத்து இருந்தா படிப்பாங்க. நீ போட்டுக் குடுத்துடு" என்றார்.

அப்போது மேல்படிப்புக்குச் சென்னைக்கு அனுப்ப ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். குறை சொல்பவன் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். அடுத்த வாரம் அக்கா கேட்டபோது, "குடுத்துட்டேங்க்கா" என்றேன்.

அவர் கேட்பதை நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறையாவது, "அந்தக் கடுதாசி இன்னா ஆச்சு தம்பி?" என்பார். "வரும்க்கா" என்பேன். சென்னைக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகும் நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காவுக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. முகம் வெளுத்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பு ரத்தம் ஊறவைப்பதையே நிறுத்திவிட்டது என்றார்கள். அந்த அறைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசி வாரத்திலும் படுக்கையில் இருந்தபடி கடிதத்தைப் பற்றிக் கேட்டார். நானும் பழைய பதிலையே சொன்னேன்.

கருமாதி முடிந்த மறுநாள் இழுப்பறையைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டுத் தலைமை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் நின்றபடியே படித்தார்.

"இவ்ளோதானா? முன்னாடியே கேட்டிருந்தா அப்பவே வாங்கியிருப்பேனே, டாக்டர்."

இரண்டே மாதத்தில் புது ஏப்ரன் வந்தது. இப்போது வியாழக்கிழமை வகுப்புக்கு வராமல் எந்த மருத்துவரும் அந்த மிதியில் கால் வைக்க முடியாது. வகுப்பை நான் நடத்துகிறேன். யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் நான் மருத்துவன்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த ஏழு செவிலியருக்கும், செய்தி கேட்டு வந்து கடைசிவரை வாசலில் உட்கார்ந்திருந்த நோணாங்குப்பத்துப் படகுக்காரருக்கும், ஒரு வேளையும் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அரியாங்குப்பத்துச் சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் மேலாக, அக்காவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட அவர் கணவருக்கு, எங்கள் மாமாவுக்கு.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவளுக்குத் தெரியும்டா" என்றார். "குடுத்துட்டேன்னு நீ சொன்ன மாசமே ஆபீஸ்ல போய்க் கேட்டா. அப்படி ஒண்ணு வரவே இல்லன்னுட்டாங்க. வேற டாக்டர் யார்கிட்டயாவது வாங்கிக் குடேன்னு நானும் சொன்னேன். தம்பியைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்னுட்டா."

"தெரிஞ்சுக்கினே ஏன் மாமா எங்கிட்ட கேட்டுக்கினே இருந்தாங்க?"

"என்னைக்காவது ஒரு நாள் நீ கொண்டுபோய்க் குடுத்துடுவேன்னுதான்."