இருபத்தெட்டு ரூபாய் உப்பு

மளிகைக் கடையில் கிரெடிட் கார்டு தேய்க்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது, என் கணவரின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான். அதற்கு முன் மாதம் ஒருமுறை நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன், கடையில் மூட்டை கட்டி வைப்பார்கள், ரொக்கம் கொடுத்து எடுத்து வருவேன்.

எங்கள் வீடு பேளுக்குறிச்சியில். எனக்கு வேலை கொல்லிமலை மேலே ஓர் அரசு அலுவலகத்தில், எழுத்தராக. கொஞ்ச காலம் தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். எழுபது வளைவுகளைக் காலையும் மாலையும் என் இடுப்பு தாங்கவில்லை. பிறகு வாரம் முழுவதும் மேலே குவார்ட்டர்ஸில் தங்கி, சனி ஞாயிறு மட்டும் கீழே வருவது என்று ஆனது. மாறுதல் கேட்டு மூன்று முறை எழுதியாகிவிட்டது. மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அப்பாவை அங்கே வந்துவிடச் சொன்னாள். ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவர் போகவில்லை. ஆக, இதயத்தில் கம்பிவலை வைத்த ஒரு மனிதர் வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

தினமும் போனில் பேசலாம் என்றுதான் முதலில் ஏற்பாடு. குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. அலுவலகம் போகும் வழியில் தண்ணீர் டேங்க் பக்கம் நின்றால் கிடைக்கும். அங்கும் பாதி நேரம், கேக்குதா, கேக்குதா என்று இருவரும் மாறி மாறிக் கேட்பதிலேயே போய்விடும். அவர் வைத்திருப்பது பட்டன் போன். போனைக் காட்டிப் பணம் கட்டுவதெல்லாம் அவருக்கு ஒத்துவராது. ஏடிஎம்முக்கு அலைய வேண்டாமே என்று, என் கிரெடிட் கார்டோடு சேர்ந்த இன்னொரு கார்டை அவர் பெயரில் வாங்கிக் கொடுத்தேன். கார்டு அவர் கையில், வங்கியின் மெசேஜ் என் போனுக்கு.

முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். தெருமுனையில் இருக்கும் கடை. கடைக்காரம்மா கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏனுங்க, கொத்தமல்லிக் கட்டுக்குக் கார்டுங்களா? பேங்க்காரன் பாத்தாச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும் உடுங்க," என்றார் இவர். "ஸ்டென்ட் வெச்ச ஆளுக்குக் கடன் குடுக்கறானே, அவன் தைரியத்தப் பாராட்டோணும்."

திங்களன்று மலை ஏறியதும் தெரிந்தது, பேச்சு போய்ச் சேராத இடத்துக்கும் மெசேஜ் வந்து சேர்ந்துவிடும் என்று. முப்பத்து நான்கு ரூபாய், கடையின் பெயர், நேரம். அதாவது அவர் எழுந்து, சட்டை போட்டு, தெருமுனை வரை நடந்திருக்கிறார். அன்றிலிருந்து அதுவே எங்கள் ஏற்பாடு. தினம் காலையில் ஏதாவது ஒன்று வாங்க வேண்டும், கார்டில்தான் வாங்க வேண்டும். கடைக்கு விடுமுறையான ஞாயிறு மட்டும் விலக்கு.

எங்கள் அலுவலக உதவியாளர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். டேங்க் பக்கம் நான் நிற்பதைப் பார்த்தால் கேட்பார்.

"இன்னைக்கு எவ்வளவுங்க மேடம்?"

"நாப்பத்தேழு."

"தக்காளி, கருவேப்பில, ஒரு பூண்டு. ரசம் வெக்கிறாருங்க உங்க ஊட்டுக்காரர்."

சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். கடையில் கண்ணில் பட்டதை வாங்குகிறவர் அவர். ஒரு நாள் ஐம்பத்திரண்டு, மறுநாள் பதினெட்டு. ஏழரைக்கும் வரும், ஒன்பதுக்கும் வரும். பத்து மணி வரை வராவிட்டால் எனக்கு எந்த ஃபைலும் ஓடாது. ஒரு பத்தியை நாலு முறை படிப்பேன். மெசேஜ் வந்ததும் நிம்மதி என்று சொல்ல முடியாது. இன்றைக்கு முடிந்தது, நாளைக்கு மறுபடி என்றுதான் தோன்றும். ஓராண்டுக்கும் மேலாக என் காலைகள் இப்படியே போயின.

இந்த ஆண்டு தணிக்கை வந்தது. இரண்டு சனிக்கிழமை என்னால் கீழே இறங்க முடியவில்லை. அந்த வாரங்களில் மெசேஜ் ஒரே மாதிரி வர ஆரம்பித்தது. இருபத்தெட்டு ரூபாய், காலை ஏழு மணி. மறுநாளும் இருபத்தெட்டு, ஏழு.

"பால் பாக்கெட்டுங்க," என்றார் உதவியாளர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதுதான் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறார் என்று டைரியில்கூட எழுதினேன். பத்து மணி வரை காத்திருக்கும் வேலை இல்லாததால் தணிக்கைக்காரர்கள் கேட்டதை எல்லாம் மளமளவென்று எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமையும் தாண்டி வந்த வியாழன் மாலை, டேங்க் பக்கம் நின்று கூப்பிட்டபோது லைன் தெளிவாகக் கிடைத்தது.

"பாக்கெட் பால் நல்லாருக்குதுங்களா?"

"பாக்கெட்டா? பால்காரர் எப்பவும் போல ஊத்திட்டுப் போறாரே."

"அப்ப டெய்லி இருபத்தெட்டு ரூவாய்க்கு என்ன வாங்கறீங்க?"

கேக்குதா என்று இரண்டு முறை கேட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"உப்பு," என்றார்.

"நேத்து?"

அதற்குப் பிறகு உண்மையாகவே லைன் போய்விட்டது.

உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இரவெல்லாம் அந்தத் தாள்தான் நினைவில் நின்றது. காலையில் டேங்க் பக்கம் போனேன். இருபத்தெட்டு, ஏழு மணி. அதிகாரியிடம் சொன்னேன். "நாளைக்கோட ஆடிட் முடியுது மேடம், ஒரு நாள்தானே," என்றார். நான் லீவு எழுதி மேசையில் வைத்துவிட்டு மதிய பஸ் பிடித்தேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். இரண்டு பாதமும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. என்னைப் பார்த்து எழப் பார்த்தார். அதற்கே மூச்சு வாங்கியது. சமையலறையில் உப்புப் பாக்கெட்டுகள் செங்கல் அடுக்கிய மாதிரி இரண்டு வரிசையாக நின்றன.

"யாரு போயி வாங்குனது?"

"கார்டு கடையிலயே இருக்குது. தொறந்ததும் மொதல்ல எனக்குத்தான் தேய்க்கறாங்க. பக்கத்து ஊட்டுக்காரர் வாரப்பப் பாக்கெட்டக் கொண்டாந்து குடுத்துருவாரு."

"அதுக்கு உப்பா?"

"கெட்டுப் போகாத சாமானாக் குடுங்கன்னு சொன்னேன். காசு வீணாகக் கூடாதில்ல."

"எத்தன நாளா மூச்சு வாங்குது?"

"மெசேஜ் வரலைன்னா நீ எறங்கி ஓடியாருவ," என்றார்.

"வரத்தானே வேணும்?"

"வந்தாத் திரும்ப ஏறோணும். உன்ற இடுப்பு கெட்ட கேட்டுக்கு."

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதற்குத் தெம்பு வரவில்லை. பையைக் கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்காக அவரும், அவருக்காக நானும் செய்ததைக் கூட்டிப் பார்த்தால், இரண்டு வாரம் அவர் வீங்கிய காலோடு உட்கார்ந்திருக்க, நான் மேலே நிம்மதியாக ஃபைல் புரட்டியிருக்கிறேன்.

அன்று மாலையே ராசிபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் படுக்க வைத்திருக்க வேண்டும் என்றார். மாத்திரை மாற்றினார். தனியாக விடக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மலைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். வீக்கம் வடிந்ததும் மெதுவாகக் கூட்டிப் போங்கள், மூச்சு வாங்கினால் உடனே இறக்கிவிடுங்கள் என்றார். இன்னும் ஒரு வாரம் லீவு நீட்டினேன். தணிக்கை நான் இல்லாமலே முடிந்தது. அந்த வாரம் மளிகை எல்லாம் சந்தையில் ரொக்கத்துக்கு வாங்கினேன். தெருமுனைப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. போனையும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருந்தேன், வந்த மெசேஜ் எதையும் திறந்து பார்க்கவில்லை. பாக்கெட் கொண்டுவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த வாரம் வெளியூர் போயிருந்தார்.

லீவு முடிந்த திங்கள் காலை ஆறு மணி பஸ்ஸில் முன் சீட்டில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பையில் அவருடைய மாத்திரைகள், ஸ்வெட்டர், நான்கு பாக்கெட் உப்பு. மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். மலைப்பாதை ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஏதோ ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது என் கையிலிருந்த போன் ஒலித்தது.

"என்னவாம்?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நீங்க இப்பத்தான் உப்பு வாங்குனீங்களாம்."

"அப்ப மணி ஏழாயிருச்சு," என்றார்.

கார்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது இத்தனை நாளும் இருவருக்கும் தோன்றவில்லை. கடைக்காரம்மாவிடம் யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எண்ணைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்து சிக்னல் போய்விட்டது. போனைப் பைக்குள், உப்புக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். மேலே போய்ச் சேரும் வரை அவருடைய மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.