வேன் சக்கரம் குளித்த கதை

மாணிக்கத்தின் மரச்சக்கரம் வைத்த, வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வேன் வழியில் மானத்தை வாங்கும் என்று நேற்றே சொன்னேன். யாராவது கேட்டீர்களா?

இன்று காலை அதில்தான் என் அக்காள் மகனை மாப்பிள்ளைக் கோலத்தில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் புறப்பட்டோம். பத்து மணிக்கு முகூர்த்தம். பாதி வழியில், ஆற்றங்கரைச் சரிவில் பின்சக்கரம் 'கிறீச், கிறீச்' என்று கத்தத் தொடங்கியது.

மாணிக்கம் இறங்கிப் பார்த்தான். "அச்சு போச்சுண்ணே. இனிமே ஓட்டுனா சக்கரம் தனியா ஓடிரும். நான் எடுக்க மாட்டேன் லா."

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, பொண்ணு வீட்டுல ஏற்கெனவே என்னைச் சோம்பேறிங்குறாங்க!"

நான் சக்கரத்தில் காதை வைத்தேன். அச்சு நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் காய்ந்த மர ஆரக்கால்கள்தான் முனகின.

"மாட்டுவண்டிச் சக்கரம் காஞ்சா தண்ணியிலதானடா ஊறப்போடுவோம்? ஆத்துல இறக்கு!" என்றேன்.

அரைமணி நேரம் ஊறியதும் மரம் உப்பி இறுகிக்கொண்டது. எல்லோருமாகத் தள்ளி மேலே ஏற்றினோம். கிள்ளான் வரை ஒரு முனகல் இல்லை. தாலியும் நேரத்துக்கு ஏறியது. பெண் வீட்டார் முதல் மாலையை எனக்கே போட வந்தார்கள்.

மாணிக்கமும் இதைப் படிப்பான் என்பதால் ஓர் உண்மை. ஆற்றில் இறக்கச் சொன்னது நான் இல்லை. காதை வைக்கச் சாய்ந்தேன், வண்டி தானாக உருண்டு இறங்கிவிட்டது.

ஆனாலும் சாய்ந்தது என் தோள்தானே? நீங்களே சொல்லுங்கள்.