இரண்டாம் தரத்துக்குப் பிறகு

என் வீட்டுக்காரர் ஆலங்குடிப் பக்கத்தில் ஏலம் கூறிவந்தவர். வரி கட்டாதவன் வீட்டு மாடு, கடன்பட்டவன் வீட்டு அண்டா, எது ஜப்தியானாலும் கூட்டத்தின் நடுவே நின்று விலை கேட்டு, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடித்துக் கொடுப்பவர் அவர்தான். அடுத்தவர் வயிற்றெரிச்சலில் வேகிற சோறு இது என்று நான் திட்டாத நாள் கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டாம் தரம் சொன்னதும் தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, மறுபடி நிதானமாகச் சுற்றிக் கட்டுவார். மாட்டுக்காரனின் மாமனோ மச்சானோ பணம் புரட்டிக்கொண்டு ஓடிவரத்தான் அந்த அவகாசம். அப்படி எத்தனையோ மாடுகள் சொந்தத் தொழுவத்துக்கே திரும்பியிருக்கின்றன. கட்டி முடித்தும் யாரும் வராவிட்டால்தான் மூன்றாம் தரம் சொல்வார். ஊருக்கே இது தெரியும், யாரும் வெளியே பேசமாட்டார்கள்.

யுத்த காலத்தில் சமஸ்தானத்து உத்தரவு ஒன்று வந்தது. இனி லைசென்ஸ் இல்லாமல் ஏலம் கூறக்கூடாதாம். இந்த ஆள் யோக்கியன் என்று சொந்த ஊரில் நிலம் உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ்.

"ரெண்டு பேருக்கா பஞ்சம்? ஊரே போடும் பாரு" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார். தலைப்பாகை கட்டும் அவகாசத்தில் மாட்டை மீட்டவர் ஒருவர் வீட்டுக்குத்தான் முதலில் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"நீங்க நல்லவருதாண்ணே. ஆனா அன்னைக்கு எங்க ஆத்தா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னைக்கும் ஒங்க கொரலு கேட்டா கதவச் சாத்திக்கிது. நான் எப்புடிண்ணே கையெழுத்துப் போடுறது?"

அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. இன்னொருவர் நாளை வரச் சொன்னார். மறுநாள் போனால், அவர் இலுப்பூருக்குப் போய்விட்டாராம். இப்படியே கெடு முடிந்து, லைசென்ஸ் வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது.

நான் ஊர் முழுவதையும் சபித்தேன். "ஒங்க தலப்பாவ ஒருத்தனாச்சும் நெனச்சுப் பாத்தானா?" என்று கத்தினேன்.

"மூணாந்தரமும் நாந்தானே சொன்னேன்" என்றார்.

மழை பொய்த்தது. நிலவரி கட்ட முடியாமல் எங்கள் கிஸ்தியும் நின்றது. கடைசியில் எங்கள் உழவு மாடுகளையே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏலத்தன்று, என் அண்ணன் குடுமியான்மலையிலிருந்து பணத்தோடு வந்துகொண்டிருப்பதாக ஆள் வந்து சொன்னான். எனக்கு உயிர் வந்தது.

புதியவர் இரண்டு தரம் சொன்னார். என் வீட்டுக்காரரின் கை தானாகத் தலைக்குப் போனது. தலைப்பாகையை அவிழ்த்தார், உதறினார். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். மோர் கொடுத்தவரும் அங்கேதான் நின்றார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்ல ஒரு வாய் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்றாம் தரம் முடிந்துவிட்டது.

மாடுகளைப் பிடித்துக்கொண்டு வியாபாரி போனான். அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றபோது, இவர் பாதி சுற்றிய துணியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடு எங்கிட்டு மாப்ளே?" என்றான் அண்ணன்.

அவர் மீதித் துணியையும் சுற்றி முடித்தார்.